ஆறு கரண்டிக் கரி

சுகிர்தம் அக்கா கருப்பு சோப்பு கேட்டபோது ஷைனி முதலில் முடியாது என்றுதான் சொன்னாள்.

சுகிர்தம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ராயபுரத்துக்கு வந்து இருபது வருஷமாக எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் ஃபேன்ஸி ஸ்டோர் நடத்துகிறாள். ஷைனி வீட்டில் செய்யும் வெள்ளை சோப்பை மாதாமாதம் வாங்கி அடுக்குகிறவள் அவள்தான்.

"வார பிள்ளையெல்லாம் கரி சோப்புதான் கேக்குது. மூஞ்சி எண்ணெய் போவும்னு போன்ல பாத்திருக்குதுவ. நாப்பது கட்டி போட்டுத் தா. கன்னங்கரேர்னு இருக்கணும், பாத்துக்கோ."

"நான் வெள்ள மட்டுந்தாங்க்கா போடுவேன்."

"ஏன், கருப்பு போட்டா கையில ஒட்டிக்கிடுமா?"

சுகிர்தம் சிரித்துக்கொண்டே கேட்டாள். ஷைனிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் சோப்பு செய்யக் கற்றுக்கொண்டதே கருப்பைப் போக்கத்தான். ராயபுரத்தில் பிறந்தவளை எண்ணூரில் பிராங்கிளினுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு, துணைக்குத் தம்பி நெல்சன், விடியுமுன் போய்ப் பகல் பதினொரு மணிக்கெல்லாம் வீடு திரும்பும் தொழில். ஒரு டிசம்பரில் புயல் வெள்ளம் வடிந்தபோது கழிமுகம் முழுக்க எண்ணெய் மிதந்தது. தார் போலக் கெட்டியான எண்ணெய். ஊர் ஆண்கள் மக்கையும் வாளியையும் எடுத்துக்கொண்டு போய்க் கையாலேயே அள்ளினார்கள். பிராங்கிளின் பத்து நாள் அள்ளினான். முழங்கை வரை கருப்பு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் தோல் எரிந்தது. துணி சோப்பு போட்டால் வெடித்தது. நகக்கண்ணிலும் கைரேகையிலும் இறங்கிய கருப்பு அசையவே இல்லை. சோற்றில் கைவைக்க அவனுக்கே கூச்சமாகி, கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அப்போதுதான் ஷைனி தேங்காய் எண்ணெயில் சோப்பு செய்வதைப் போனில் பார்த்தாள். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொட்டிக் கரைத்து, சூடு தணிந்ததும் எண்ணெயில் ஊற்றி, இட்லி மாவு பதத்துக்கு வரும்வரை கலக்கி, அச்சில் வார்த்து, மறுநாள் அறுத்து ஒரு மாதம் காயவிட வேண்டும். அடுப்பே வேண்டாம். அவள் போட்ட சோப்பு காய்ந்து, நாலாவது கட்டி கரைவதற்குள் அவன் கை பழைய கையாகிவிட்டது. அந்தத் தோல் தானாகவே உரிந்திருக்கலாம். ஆனால் அவன் பார்க்கிறவனிடமெல்லாம் கையை விரித்துக் காட்டி, "எம் பொண்டாட்டி சோப்பு மாமு" என்று சொல்லித் திரிந்தான்.

அடுத்த நவம்பரில் அண்ணனும் தம்பியும் கடலுக்குப் போனார்கள். தம்பி மட்டும் திரும்பினான். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்த நெல்சனைக் காசிமேட்டு விசைப்படகு ஒன்று தூக்கி வந்தது. "திடீர்னு காத்து அட்ச்சுது. நான் பின்னால தூங்கிக்கினு இருந்தேன். முழிச்சா தண்ணிக்குள்ள கீறேன். அண்ணனக் காணோம்" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவனிடமிருந்து வரவில்லை. மூன்று நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

பார்த்தவர்கள் யாரும் இல்லாததால் கடலோரக் காவல் நிலையத்தில் 'காணவில்லை' என்று எழுதினார்கள். ஏழு வருஷம் போக வேண்டும், அல்லது கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும், அதற்குப் பிறகுதான் இறந்தவர் என்று எழுத முடியும் என்றார்கள். பங்குச் சாமியார் மரித்தோர் பூசை வைக்கலாமா என்று கேட்டார். அரசாங்கமே செத்துவிட்டான் என்று சொல்லாதபோது தான் எப்படிச் சொல்வது என்று ஷைனி மறுத்துவிட்டாள். எண்ணூர் வீட்டைக் காலி செய்து ராயபுரத்துக்கு வந்து, மீன் விற்கும் வியாகுலம்மாளின் மாடி அறையில் குடியேறினாள். வெளியே இரும்புப் படி. உள்ளே ஒரு அறை, ஒரு சமையல் மேடை, மூலையில் குளிக்கும் இடம். நெல்சன் கடலுக்குப் போவதை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டாள். இங்கே அவன் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

சுகிர்தத்தை முறைத்துக்கொள்ள முடியாது. ஷைனி பாரீஸ் கார்னருக்குப் போய்க் கொட்டாங்குச்சிக் கரித்தூள் வாங்கி வந்தாள். கிலோ எண்ணெய்க்கு ரெண்டு ஸ்பூன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அவளுக்குக் கை வரவில்லை. அரை ஸ்பூன் போட்டாள். மறுநாள் அறுத்துப் பார்த்தால் சோப்பு சாம்பல் நிறத்தில் இருந்தது. மேலே வெள்ளையாகப் பொடி வேறு பூத்திருந்தது.

சுகிர்தம் ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னம்மா, எண்ணூர் கரண்டு கம்பெனி சாம்பக் குட்டையில அள்ளுன மாதிரில்லா இருக்கு. கருப்புன்னா கருப்பு வேணும்."

அன்று பகல் பதினொரு மணிக்கு இரும்புப் படியில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. வியாகுலம்மாள் மீன் கூடையை இறக்கிவிட்டு வருகிறாளாக்கும் என்று ஷைனி நினைத்தாள். சத்தம் கதவுக்கு வெளியே நின்றது. கதவைத் தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெல்ல இறங்கிப் போனது.

அடுத்த வாரம் ஒரு வெறுப்போடு கரித்தூளை அள்ளினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு கரண்டி. கலக்கும்போதே பாத்திரம் கழிமுகம் மாதிரி ஆயிற்று. சுழலும் கருப்பின் மேல் வெளிச்சம் பட்டு எண்ணெயாக மின்னியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே கலக்கினாள். அச்சில் ஊற்றி, துண்டால் மூடி, அறையைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்து துண்டை விலக்கியபோது, இன்னும் இறுகாமல் வெதுவெதுப்பாக இருந்த சோப்பின் மேல் ஒரு கட்டைவிரல் அழுந்தியிருந்தது. அகலமான விரல். ரேகை தெரிந்தது. ரேகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாய்வாக ஒரு கோடு.

பிராங்கிளினுக்கு வலது கட்டைவிரலில் தூண்டில் நரம்பு அறுத்த தழும்பு அப்படித்தான் சாய்ந்திருக்கும்.

ஷைனி தன் கட்டைவிரலை அந்தக் குழிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பாதிகூட இல்லை. சாவி அவளிடம் ஒன்றுதான் இருந்தது. ஜன்னலில் கம்பி. அவள் கத்தவில்லை. கீழே போய் யாரிடமும் சொல்லவும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தச் சோப்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்கு வைக்கும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஓரத்துண்டு ஒன்றைத் தேய்த்துக் கை கழுவிப் பார்த்தாள். நுரை கருப்பாக வந்தது. தண்ணீர் கருப்பாக ஓடியது. எத்தனை மக்கு ஊற்றினாலும் தரையில் ஒரு கருப்பு வளையம் நின்றது. பிராங்கிளின் எண்ணெய் அள்ளிய பத்து நாளும் எண்ணூர் வீட்டு வாசலில் நின்ற அதே வளையம். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பான், அவள் தண்ணீர் ஊற்றுவாள். அவள் குனிந்து பார்த்தபோது விரல் இடுக்கில் கருப்போடு நனைந்து கிடந்த தன் கையே தன்னுடையது போலத் தெரியவில்லை.

படியில் சத்தம். பதினொரு மணி.

இந்த முறை ஒரு இருமல். பிறகு கதவில் மெதுவாக எதையோ வைத்து அழுத்தும் ஓசை. ஈரக் கையோடு அவள் ஓடிப்போய்த் திறப்பதற்குள் படி காலியாக இருந்தது. பச்சைக் கதவில் நெஞ்சு உயரத்தில் ஐந்து விரலும் பதிந்த கருப்புக் கை.

வியாகுலம்மாள் கீழிருந்து தலையை நீட்டினாள். "யாரும்மா மேல வந்துட்டுப் போறது? ரெண்டு மூணு வாட்டி கேட்டுட்டேன். ஆம்பள நட மாரி கீது."

"ஒங்களுக்கும் கேட்டுச்சாக்கா?"

"எனக்கு இன்னா காது செவிடா? நான் கூடயக் கழுவிக்கினு இருந்தேன், திரும்பறதுக்குள்ள ஆளக் காணோம். ஆமா, ஒன் மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"ஒன்னியும் இல்லக்கா."

அந்தக் கையை அவள் துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஷைனி பதினொரு மணிக்கு வெளியே போவதை விட்டுவிட்டாள். பத்தரைக்கே தலைவாரி, பூ வைத்து, இரண்டு டம்ளரில் டீ ஊற்றி வைத்தாள். ஒரு டம்ளர் ஆறிப் படலம் கட்டும். சுகிர்தத்துக்கு நாற்பது கட்டி போதும். அவள் நூறுக்குமேல் போட்டுவிட்டாள், எல்லாம் ஆறு கரண்டிக் கருப்பு. சுகிர்தத்திடம் அவற்றைக் காட்டவே இல்லை. விற்கவா செய்தாள்? வெள்ளை சோப்பு செய்த வரை வராதவன், கருப்பு போட்டதும் வந்துவிட்டான். நிறுத்தினால் போய்விடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. அலமாரி, ஜன்னல் மேடை, கட்டிலடி, எங்கும் கருப்புக் கட்டிகள் காய்ந்தன. விரல் பதிந்த கட்டியை மட்டும் தலைமாட்டில் வைத்திருந்தாள். சோப்பு காயக் காயச் சுருங்கும். அந்தக் குழியும் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்க்கும்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. வந்தவனைப் பற்றிய பயம் அல்ல.

சில நாள் சத்தம் வரும். சில நாள் வராது. வந்தாலும் கதவைத் திறப்பதற்குள் போய்விடும். ஐந்து வாரம் இப்படிப் போன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஸ்டூலைக் கதவை ஒட்டிப் போட்டு, தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

படி அதிர்ந்தது. ஏறி வந்தது. நின்றது. மூச்சு விடும் சத்தம் பலகைக்கு அந்தப் பக்கத்தில் கேட்டது. கதவில் கை விழுந்ததும் அவள் இழுத்துத் திறந்தாள்.

நெல்சன் நின்றான்.

தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தான். மேலே தூக்கிய வலது கை அப்படியே நின்றது. மணிக்கட்டு வரை கிரீஸும் கரி ஆயிலும். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு கதவில் இருந்த கையைப் பார்த்தாள்.

"நீதானா?"

"அண்ணி..."

"இத்தினி நாளும் வந்தது நீதானா?"

அவன் தலையைக் குனிந்தான். காசிமேட்டில் போட் எஞ்சின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறதாம். பதினொரு மணிக்கு டீக்கு விடும்போது ஒரு விஷயம் சொல்ல வருவானாம். கதவு வரை வந்ததும் வாய் வராமல் திரும்பிவிடுவானாம்.

ஷைனிக்குத் தலையில் இருந்த பூ கனத்தது. உள்ளே இரண்டு டம்ளர் டீயையும் அவன் பார்த்துவிட்டான் என்பது தெரிந்து, வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அறைக்குள்ள எப்டி வந்தே? சாவி ஏது?"

"உள்ளயா? நான் உள்ள வர்லயே அண்ணி. சத்தியமா வாசப்படிய தாண்டல."

அவன் கட்டைவிரலை அவள் பார்த்தாள். ஒல்லியான விரல். கிரீஸுக்கு அடியிலும் தழும்பு எதுவும் இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"வா. மொதல்ல கையக் கழுவு."

குளிக்கும் மூலையில் அவனை உட்கார வைத்து, கையில் கிடைத்த சோப்பைக் கொடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். ஆறு கரண்டிக் கருப்பு. அவன் தேய்த்தான். நுரை கருப்பாகப் பொங்கி விரல் இடுக்கில் வழிந்தது. அவன் இன்னும் தேய்த்தான். இன்னும் கருப்பு. சோப்பு அவன் பிடியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்து சுவரோரம் போய் நின்றது. அவன் அதை எடுக்கவில்லை. வெறும் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, நான் அன்னிக்குத் தூங்கல."

ஷைனி மக்கைக் கீழே வைத்தாள்.

"போட்டு கவுந்தப்ப டீசல் கேன் ஒடஞ்சி மேல எல்லாம் கொட்டிச்சி. நான் போட்ட ஒரு கையால புட்ச்சிக்கினேன். அண்ணன் கால்ல வல சுத்திக்கிச்சி. கையக் குடுடான்னுச்சி. குடுத்தேன். புட்ச்சேன் அண்ணி. ரொம்ப நேரம் புட்ச்சிக்கினுதான் இருந்தேன்."

"எவ்ளோ நேரம்?"

"தெர்ல. வல கீழ இழுக்குது. அண்ணன் இழுக்கச்சொல்ல நானும் முங்குறேன். கையெல்லாம் டீசலு. அப்பால... கை இல்ல."

"வழுக்கிச்சா, வுட்டுட்டியா?"

நெல்சன் நிமிர்ந்தான். அந்தக் கேள்விக்காகவே ஒன்றரை வருஷம் காத்திருந்தவன் போல இருந்தது முகம்.

"தெர்ல அண்ணி. அதான் எனக்குத் தெர்ல. டெய்லி நெனச்சிப் பாக்குறேன். வழுக்கிச்சின்னு ஒரு நாளு தோணுது. நாந்தான் வெரல வுட்டேன்னு ஒரு நாளு தோணுது. ஒங்கிட்ட வந்து இன்னான்னு சொல்றது?"

அடிக்க வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஒன்றரை வருஷம் 'காணவில்லை' என்ற ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டு அவள் வாழ்ந்திருக்கிறாள். பஸ்ஸில் முதுகைப் பார்த்து இரண்டு முறை பின்னாலேயே போயிருக்கிறாள். இவன் வாயைத் திறந்திருந்தால் ஒருமுறை அழுது முடித்திருப்பாள். கை ஓங்கியது. ஆனால் அந்தக் கை போய் அவன் கையைத்தான் பிடித்தது.

"காட்டு. எப்டிப் புட்ச்சே?"

"வாணாம் அண்ணி."

"காட்டுடா."

அவன் அவளுடைய வலது கையைப் பிடித்தான். கட்டைவிரலோடு கட்டைவிரல் கோத்து, மணிக்கட்டை இறுக்கி. இரண்டு கைக்கும் நடுவில் கருப்பு நுரை. ஷைனி காலை ஊன்றிக்கொண்டு பின்னால் இழுத்தாள். கடல் இழுப்பதுபோல் தன் முழு கனத்தையும் போட்டு இழுத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான். அவன் விரல்கள் இறுகுவதை அவள் எலும்பில் உணர்ந்தாள். அவை இறுகிக்கொண்டே இருக்கும்போது, அவள் கை அவற்றுக்குள்ளிருந்து வழுவி, உள்ளங்கை கழிந்து, விரல் கழிந்து, நுனியில் ஒரு கணம் நின்று, வெளியே வந்துவிட்டது. அவள் சுவரில் போய் மோதினாள்.

அவன் மூடிய கையை மூடியபடியே வைத்திருந்தான்.

இரண்டு பேரும் ஈரத்தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வியாகுலம்மாள் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

"கெட்டியா புட்ச்சிக்கினுதான் இருந்தே" என்றாள் ஷைனி கடைசியில். "ஆனா பொய் சொன்னே பாரு. அத்த நான் மன்னிக்க நாளாவும். நான் கூப்புட்ற வரைக்கும் இங்க வராதே. நாளைக்கு மட்டும் ஸ்டேஷனுக்கு வா."

மறுநாள் எண்ணூர் கடலோரக் காவல் நிலையத்தில் நெல்சன் வாக்குமூலம் கொடுத்தான். எழுதிக்கொண்ட பெண் காவலர் அவன் அழும் இடங்களில் பேனாவை நிறுத்தி, அவன் தேறும்வரை ஜன்னலைப் பார்த்தார். மேலே போக வேண்டும், தாசில்தார் விசாரணை இருக்கிறது, சில மாதமாகும் என்றார். அவர் நீட்டிய தாளில் ஷைனி, கணவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று முதல்முறையாகத் தன் கையால் எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது.

அந்த வாரம் அவள் இன்னொரு முறை சோப்பு போட்டாள். இந்தத் தடவை கிலோவுக்கு ரெண்டு ஸ்பூன், கூடவும் இல்லை குறையவும் இல்லை. கரித்தூளை அப்படியே கொட்டாமல், கொஞ்சம் விளக்கெண்ணெயில் முதலில் குழைத்து மை போல ஆக்கிக்கொண்டு சேர்த்தாள். அச்சைக் கனமான துண்டால் சுற்றி, சூடு போகாமல் வைத்தாள். மறுநாள் அறுத்தபோது கத்தி பட்ட இடமெல்லாம் கன்னங்கரேலென்று பளபளத்தது. ஒரு மாதம் காய்ந்ததும் சுகிர்தம் கடையிலேயே கை கழுவிப் பார்த்தாள். நுரை வெள்ளையாக வந்தது.

"இதத்தானம்மா கேட்டேன். கருப்பு கட்டியில இருக்கணும், கையில இருக்கக் கூடாதுல்லா" என்றாள்.

இரும்புப் படியில் இப்போது பதினொரு மணிக்குச் சத்தம் கேட்பதில்லை. ஷைனி அந்த நேரத்துக்கு ரேடியோ போட்டுவிடுகிறாள். அமைதியாக இருந்தால் அவளால் தாங்க முடியவில்லை.

மரித்தோர் பூசைக்கு நாள் குறித்தபோது நெல்சனுக்கு அவளே போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். அவன் வாசல் தூணோரம் நின்றுகொண்டிருந்தான். அவள் திரும்பிப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவன் தயங்கித் தயங்கி வந்து, முன் வரிசைப் பெஞ்சில் அவளிடமிருந்து ஓர் ஆள் இடம் தள்ளி உட்கார்ந்தான். சாமியார் இறந்தவர்கள் பட்டியலில் பிராங்கிளின் பெயரை வாசித்தார். ஷைனி வாய்விட்டு அழுதாள். அடக்கவில்லை.

பாட்டு ஆரம்பித்த நேரத்தில் தாமதமாக வந்த ஒரு பெண் பெஞ்சின் ஓரத்தில் குனிந்து, "கொஞ்சம் தள்ளிக்கோம்மா, நடுவுல எடம் காலியாதானே கீது" என்றாள்.

ஷைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இல்லக்கா" என்றாள். "ஆள் கீது."